ஓடுகிற வண்டியில் வேகம் பூஜ்ஜியம்

டாக்ஸி ஓட்டும் சாமுவேல் கார் சாவியை என் கையில் திணித்தார். "அண்ணே, நாளைக்குக் காலைல சரோஜாக்காவ டயாலிசிஸுக்கு காஞ்சிபுரம் இட்டுகினு போணும். இன்னைக்கு ஆவலன்னா வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடறேன்."

வேறு வண்டி லேசில் கிடைக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மானாம்பதிப் பக்கம் அந்த அக்காவின் கிராமத்துக்கு விடியற்காலையில் எந்த வாடகைக்கார் வரும்? உத்திரமேரூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகப் பல வருஷம் கடை வைத்திருப்பவன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இன்னா பண்ணுது? ஒயுங்கா சொல்லு" என்றேன்.

"ஸ்லோ பண்ணா அப்பப்ப இன்ஜின் ஆஃப் ஆயிடுதுண்ணே. நேத்து வளைவுல நின்னுடுச்சு. பின்னாடியே லாரி. அக்கா உள்ள கீறாங்க. உசுரே போயிடுச்சு எனக்கு."

செக் இன்ஜின் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஒரு மெக்கானிக் இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியைக் கழுவியிருக்கிறார். இன்னொருவர் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த கோளாறு எண்ணை, ஃபால்ட் கோடை, மட்டும் அழித்து அனுப்பியிருக்கிறார். அது ஜுரக்காரனின் தெர்மாமீட்டரை உதறி வைப்பது மாதிரி. அடுத்த நாளே லைட் திரும்ப வந்துவிட்டது.

ஸ்கேனரைச் செருகினேன். பி-0500. வேகம் சொல்லும் சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோளாறு வந்த நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்று வண்டியின் கம்ப்யூட்டர் தானே குறித்து வைப்பதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டர் மிதிபட்டிருக்கிறது, ஆர்பிஎம் இரண்டாயிரத்துக்கு மேல். வேகம் மட்டும் பூஜ்ஜியம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்குத் தான் ஓடுவதே தெரியவில்லை. தெரியாததையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. மனுஷன் எவன் அப்படி எழுதுவான்? வேகம் தெரியாததால், நிற்கப்போகிற நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்ட பின் மெதுவாக ஓடும் ஐடிலைப் பிடிக்க முடியாமல் இன்ஜின் அணைந்திருக்கிறது.

"ஸ்பீடாமீட்டர் முள்ளு வேல செய்யுதா?"

"அப்பப்ப படுத்துக்கும். அது தனி கேஸுன்னு வுட்டுட்டேண்ணே."

"ரெண்டும் ஒரே கேஸுதான், போ."

சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும். வண்டியைத் தூக்கி அடியில் படுத்தேன். பக்கத்தில் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலில் காய்ந்த செடி கயிறாக முறுக்கிச் சுற்றியிருந்தது. கூடவே சென்சார் வயரையும் இழுத்திருந்தது. உள்ளே செம்பு அறுந்து, ஆட்டத்துக்கு ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தது. செடியை வெட்டி எடுத்தபோது என் உள்ளங்கையில் உளுந்து உதிர்ந்தது.

கோபம் வந்துவிட்டது. அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்து உளுந்தைப் பிரித்துவிடும். விவரமான டிரைவர் ஒதுங்கித்தான் போவான். "கண்ணு எங்க வெச்சிகினு ஓட்டற?" என்று கத்தினேன்.

சாமுவேல் தலையைச் சொறிந்தார். "சரோஜாக்கா உளுந்துண்ணே. அவங்களால அடிக்க முடியுமா? அவங்கள வூட்ல எறக்கிவுட்டு, நாந்தான் முன்ன பின்ன ஓட்டி மிதிச்சுக் குடுத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தன்னாலதான் வண்டி கெட்டுதுன்னு தெரிஞ்சா அப்புறம் ஏறவே மாட்டாங்க."

ஸ்கேனரைப் பார்த்து மலைத்தவன் இப்போது இந்த ஆளைப் பார்த்து மலைத்து நின்றேன். புது வயர் வைத்து சால்டர் பண்ணி, ஆக்ஸிலில் படாமல் க்ளாம்ப் போட்டேன். ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்த்தோம். வேகம் ஸ்கேனரில் சரியாக ஏறி இறங்கியது. பிரேக் போட்டு நின்றபோதும் இன்ஜின் அணையவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கார் என் கடை முன்னால் நின்றது. பின்சீட்டில் சரோஜாக்கா சோர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பை உளுந்தை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"வச்சிக்கோப்பா, புது உளுந்து. யாரோ புண்ணியவானுங்க வண்டிய ஏத்தி நல்லா மிதிச்சுக் குடுத்துட்டானுங்க. ஆமா, வண்டிக்கு இன்னா ஆச்சு?"

சாமுவேல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கோளாறையும் கஸ்டமரிடம் ஒளிக்கக் கூடாது என்பது என் கடை வழக்கம். அன்றைக்கு அதற்கும் ஒரு விலக்கு உண்டென்று கற்றுக்கொண்டேன்.

"வயரு பழசுக்கா" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன்.