நான் மணப்பெண்ணாகப் போன ஆஸ்பத்திரி

என் மாமியின் வாயில் இருந்தது புற்று என்று சொன்ன டாக்டர், அவளைப் பார்க்க வந்தவரே அல்ல. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு மாமி மீன் கொண்டுபோவாள். அந்த வீட்டு அம்மாளுக்குக் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். அதைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து டாக்டர் காரில் வந்திருந்தார். அடுக்களை வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமி, தனக்கும் அதுபோல ஒன்று இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் நல்லவள். இவளையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். டாக்டர் முற்றத்தில் நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நோய். வெற்றிலையும் புகையிலையும் கொடுத்தது. ரேடியம் ஊசி வைத்தால் பிழைக்கலாம், தாமதிக்கக் கூடாது என்றார்.

அந்த அம்மாள் அந்த வாரமே மதராஸுக்குப் போய்விட்டாள். மாமி புறப்பட மாதங்கள் ஆயின. முதலில் நல்ல மீன்பாடு இருந்த காலம். மாமா கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. பிறகு புறப்படலாம் என்றால் பஸ் இல்லை.

எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திடீர் திடீரெனக் கடையடைப்பு, சாலை மறியல். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தக் கட்சிதான், மாமி எல்லோரையும்விட அதிகமாக. கிழக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கும் ரேடியம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு தடவை துணிமூட்டையோடு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பினோம். கடைசியில் மாமா ஒரு மாட்டுவண்டி பேசினார்.

வண்டிக்காரர் விடியுமுன் வந்தார். வந்ததுமே தலையைச் சொறிந்தார்.

“ரோட்டுல பயலுவ வண்டியையும் மறிக்கியானுவ.”

“நோயாளியண்ணு சொன்னா விடமாட்டானுவளா?” என்றார் மாமா.

“அது போன வாரம். ஒருத்தன் கருப்பட்டி மூட்டைக்குப் போர்வை போத்தி நோயாளியண்ணு கொண்டுபோயிட்டான். இப்ப யாரு சொன்னாலும் நம்பமாட்டானுவ.”

“நோயின்னு சொல்லவே வேண்டாம்,” என்றாள் மாமி. “எனக்கு ஒரு பொம்பளப்பிள்ள உண்டு, நாளைக்குக் கெட்டிக்குடுக்கண்டாமா?” அவள் மகளுக்கு அப்போது பத்து வயது. ஆனால் அந்த நோயின் பெயர் ஒரு வீட்டின்மேல் விழுந்தால் லேசில் போகாது.

வண்டிக்காரர் யோசித்தார். “கல்யாண வண்டிய மட்டும் விடுதானுவ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதினேழு வயது.

அம்மா தன் கல்யாணப் புடவையை எனக்குச் சுற்றினாள். தலைகொள்ளாத பிச்சிப்பூ. மாமா வண்டிக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டினார். மிச்சத்தை மாடு தின்றது. அம்மாவுக்கும் மாமிக்கும் நடுவில் நான் ஏறி உட்கார்ந்தபோதே மாமி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரித்தால் புண் இழுக்கும். கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாறசாலை தாண்டுமுன் பையன்கள் மறித்தார்கள்.

“எங்க போறிய?”

“கல்யாணமாக்கும்,” என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்து அவள் முதல்முதலாகச் சொன்ன பொய்.

“மாப்பிள்ள எங்க?”

“கிழக்க நிக்கியாரு.”

“என்ன சோலி அவருக்கு?”

அம்மாவுக்கு வாயில் வந்தது ஒன்றுதான். “ஆஸ்பத்திரியில.”

“டாக்டரா?”

அம்மா பேசாமல் புன்னகை செய்தாள். அதுபோதும். “எலே மக்கா, கடப்புறத்துப் பொண்ணுக்கு டாக்டர் மாப்பிள்ளையாம்” என்று ஒருவன் பின்னால் பார்த்துச் சொன்னான். பையன்களுக்குத் தங்கள் சொந்தத் தங்கைக்கே சம்பந்தம் அமைந்த சந்தோஷம். வழியில் வேறு யாரும் மறிக்கக் கூடாது என்று கொடியோடு வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். கோஷம் போட்டார்கள். மாமியும் உள்ளே இருந்து கோஷம் போட்டாள். அடுத்த முக்கில் வேறு கூட்டம் எங்களை ஏற்றுக்கொண்டது. அவர்கள் ஒரு குலை வாழைப்பழத்தை வண்டியில் வைத்தார்கள். சிரிப்பை அடக்கியதில் எனக்குத் தோள் குலுங்கியது. பெண் அழுகிறது என்று நினைத்து ஒருவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாயில் புண் என்று அம்மா சொன்னதும் நர்ஸம்மா பூவும் பட்டுமாக நின்ற என்னைத்தான் பார்த்தாள். “கல்யாணத்தன்னைக்கா மக்ளே இப்படி” என்று கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் என் வாயைத் திறந்து பார்த்தாள். “உனக்கு ஒண்ணுமில்லியே?” மாமி வாசலில் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அவள் வாயைத் திறந்து பார்த்த நர்ஸம்மா உடனே டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

முன்பே வந்திருக்கலாமே என்று மட்டும் டாக்டர் கேட்டார். மறுநாள் கன்னத்தில் ரேடியம் ஊசிகளை வைத்தார்கள். கதிர் படும் என்று பக்கத்தில் யாரும் போகக் கூடாது. நான் கதவோரம் தலைகாட்டினாலே மாமி கையை வீசி விரட்டுவாள். என்னைப் பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்தால் வலியில் உயிர் போகும்.

அவள் பிழைத்தாள். ஆனால் ஒரு பக்கக் கன்னம் சுருங்கி வாய் கோணிவிட்டது. மதராஸுக்குப் போய் வந்த அம்மாளின் முகத்தில் தழும்புகூட இல்லை. எங்கள் தெருவில் அதே புண்ணோடு இன்னொருத்தி இருந்தாள். அவளுக்கு வண்டி பேச ஆள் இல்லை. நாங்கள் திரும்பியபோது அவளால் வாயைத் திறந்து கஞ்சி குடிக்க முடியவில்லை. கிறிஸ்மஸுக்குள் அவள் போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்த மறுவாரம் மாமி தெருப்பெண்களைத் திரட்டினாள். தான் மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நான்கைந்து பேர் கூட வந்து வாயைக் காட்ட வேண்டும் என்றாள். அதற்குள் எல்லையைப் பிரித்திருந்தார்கள். நாங்கள் கேரளத்தில், ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுப் பக்கம். மாமி இரண்டு நாள் மீன்கூடையைத் தொடவில்லை. மூன்றாம் நாள், “பஸ் போகுதுல்லா, நாமளும் போவோம்” என்றாள்.

கட்டுச்சோறும் அவித்த மரச்சீனிக் கிழங்குமாகத் திருவிழாவுக்குப் போவதுபோலப் போவோம். ஒரு தடவை எங்களோடு வந்த ஒருத்திக்குப் புண் அரும்பிய நிலையிலேயே தெரிந்துவிட்டது. சின்ன வைத்தியத்தோடு முடிந்தது, முகமும் கோணவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மாமி எங்கள் எல்லோரையும் மார்த்தாண்டத்தில் சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கும் அதுதான் முதல் சினிமா. சோகப்படம். நாங்கள் ஆறு பேரும் தப்பான இடத்திலெல்லாம் சிரித்ததில் முன்வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கடைசி பஸ்ஸில் வீடு வந்தபோது மாமா கோபத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மாமி அவருக்குக் கஞ்சியை ஊற்றிவைத்து, படத்தின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.