சங்கடத்துக்கு இழுத்த திரை

மைசூருக்கு வந்த புதிதில் யாரைப் பார்த்தாலும் "ஊட்டா ஆய்த்தா சிஸ்டர்?" என்றார்கள். சாப்பிட்டாயா என்றுதானே கேட்கிறார்கள் என்று நானும் உண்மையைச் சொல்வேன்: இல்லை, மெஸ் சாம்பார் இனிக்கிறது, இறங்கவில்லை. கேட்டவர் பாதியிலேயே நடந்துவிடுவார். அது விசாரணை இல்லை, வணக்கம் மாதிரி என்று பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. சங்கரன்கோவில்காரியான எனக்குக் கன்னடம் பாதிக்கு மேல் புரிந்தது. நம் ஊரிலிருந்து இங்கே நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளே, அந்தப் பாதிதான் ஆபத்து. ஒன்றுமே புரியாதிருந்தால் நாலு பேரைக் கேட்டிருப்பேன்.

அப்போது எங்கள் வார்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நர்ஸ்கள் மணிக்கொரு தரம் ஒவ்வொரு கட்டிலுக்கும் போய் வலி இருக்கிறதா, வேறென்ன வேண்டும் என்று தாங்களாகவே கேட்டால் நோயாளி சீக்கிரம் தேறுகிறாரா, அப்படிக் கேட்க எத்தனை நர்ஸ் வேண்டும், என்ன பயிற்சி வேண்டும் என்று பார்த்தார்கள். நர்ஸிங் கல்லூரிப் பேராசிரியை மேடம் படிவம் கொடுத்திருந்தார். என் வேலை நிரந்தரமாக இரண்டு வாரம்தான் பாக்கி. ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன்.

ரத்னம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்பவர். வேறென்ன வேண்டும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சங்கட ஆக்தாயிதே சிஸ்டர்" என்றார். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி நாலைந்து ஆண்கள் பார்க்க வந்து நின்றார்கள். ஐயோ பாவம், கூச்சப்படுகிறார் என்று திரையை இழுத்துவிட்டேன். என் கையைப் பிடித்து மறுபடி அதையே சொன்னார். இனி யாரும் பார்க்கமாட்டார்கள் அம்மா என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சமாதானம் சொல்லி, 'தேவை நிறைவேற்றப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

கால் மணி கழித்து இன்சார்ஜ் சிஸ்டர் திரையை விலக்கினார். ரத்னம்மா வேர்த்து நனைந்து கிடந்தார். மாரடைப்பு. ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

"நின்கே ஏனூ ஹேளலில்வா?" உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார் சிஸ்டர்.

"சங்கடம்னு சொன்னாங்க."

"மத்தே ஸ்க்ரீன் யாகெ எளெதே?"

திரையை ஏன் இழுத்தேன்? இங்கே சங்கடம் என்றால் உடம்பு படும் பாடு. நெஞ்சைப் பிசைவது, மூச்சு முட்டுவது. நம் ஊரில் அது மனசு நெளிவது. தமிழில் எழுதிப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது. தப்பு என் காதிலா, படிப்பிலா, அந்தச் சொல்லிலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று பயம் மட்டும் இருந்தது. டிக் போட்ட படிவம் என் கையில், யாரும் பார்க்கவில்லை. கிழித்துப் போட்டால் தீர்ந்தது.

மறுநாள் மதியம் ரத்னம்மா அபாயம் தாண்டினார் என்றார்கள். கழிப்பறையில் போய் அழுதுவிட்டு, படிவத்தோடு மேடத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, "இதைக் கிழிச்சிடவா மேடம்?" என்றேன்.

"ஹரிபேடா. இதே நமகெ பேகு," என்றார். கிழிக்காதே, இதுதான் நமக்கு வேண்டும். பாராட்டா, தண்டனையா என்று முகத்தில் தெரியவில்லை. நான் நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. படிவத்தில் ஒரு வரி புதிதாக ஏறியது: 'எங்கே என்று கையால் காட்டச் சொல்லவும்.' அந்த வரி என்னால் வந்தது. பெருமைப்படுவதா, தலை குனிவதா?

போன ஞாயிறு அம்மா போனில், "ஒரே சங்கடமா இருக்குட்டி" என்றாள்.

"எங்கம்மா? நெஞ்சிலயா? வேர்க்குதா? உக்காரு, பக்கத்துல யாரு இருக்கா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா மெதுவாக, "ஏட்டி, சித்தி மக வளைகாப்புக்கு வெறுங்கையோட போயிட்டேன்னு சொல்ல வந்தேன். உனக்கு என்னாச்சு?" என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் பாதிதான் போய்ச் சேரும் என்று தோன்றியது.

"இங்கம்மா" என்று நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அம்மாவிடம் இருப்பது பேச மட்டும் முடிகிற பழைய போன்.