சரியாகப் பதினைந்தாயிரம்

ஆடி பிறந்தால் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமங்களில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். ஒரு வீட்டுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முறை வரும். கறிச்சோறு போட்டு, இதுவரை மற்றவர்களுக்குச் செய்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வைப்பவர் பழைய தொகையோடு புதிதாகக் கொஞ்சம் சேர்த்து வைப்பார். அந்தப் புதியது இருக்கும்வரை போக்குவரத்தும் இருக்கும். கூட்டாமல் குறைக்காமல் பழையதை மட்டும் அப்படியே வைத்தால், இத்தோடு நமக்குள் முடிந்தது என்று பொருள்.

என் அக்கா தன் நாத்தனார் வீட்டு விருந்தில் சரியாகப் பதினைந்தாயிரம் வைத்தாள். அவள் வாங்கியிருந்ததும் அதே பதினைந்தாயிரம்தான்.

முறித்துக்கொள்ளும் எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது. அத்தான் இறந்த பிறகு அவள் வீட்டுக்கு உரிமையோடு வந்து போன ஒரே ஆள் அந்த நாத்தனார்தான். அவருக்கு வைக்கவென்றே இருபதாயிரத்தைச் சேர்த்து, ஒரு தனியார் வங்கியில் போட்டு வைத்திருந்தாள். ஊருக்குள் முகாம் போட்டுத் தொடங்கிக் கொடுத்த கணக்கு அது. அதில் குறைந்தபட்ச இருப்பு எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

விருந்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம், பணம் எடுக்கப் போனபோது கணக்கில் பதினாலாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. மேலாளர் விடுப்பு, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஆடியில் அந்த ஊர்களில் கைமாற்று கிடைக்காது. எல்லார் கையில் இருக்கும் காசும் ஏதாவது ஒரு பந்தலுக்குப் போகவேண்டிய காசு. பிறந்த வீட்டில் கேட்டு மொய் செய்வது கௌரவக் குறைவு என்று எனக்கும் அவள் போன் செய்யவில்லை. பழசாவது குறையக்கூடாது என்று, கோழி விற்ற காசைப் போட்டு முழுசாக்கி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வைத்துவிட்டாள். இரண்டாயிரம் குறைத்து வைத்திருந்தால்கூடப் பாக்கி என்று எழுதியிருப்பார்கள். பாக்கி இருக்கிற இடத்தில் பேச்சு நிற்காது.

திங்கட்கிழமை காலை குழாயடியில் அக்கா விளக்கம் சொல்லப் போயிருக்கிறாள். நாத்தனார் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: “பேங்கு தின்னுருச்சாம்ல! எலி தின்னுச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன் மதினி. எங்கண்ணன் போனதோட நாங்களும் வேண்டாமுன்னு நெனச்சுட்டீங்க. அம்புட்டுத்தானே?”

அன்று மாலையே அக்கா பாஸ்புக்கோடு புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். நாள், தேதி குறித்து வைப்பது எனக்கு இளமையிலிருந்தே உள்ள பழக்கம். பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி, தேதி வாரியாக எழுதிப் பார்த்தேன். அவள் கணக்கை யாரையும் கேட்காமல் ‘சிறப்பு சேமிப்பு’ என்று மாற்றியிருந்தார்கள். இருபத்தையாயிரத்துக்குக் கீழே இருந்ததற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அபராதம். அவள் வாங்கவே வாங்காத கார்டுக்கு ஆண்டுக் கட்டணம். தகவல்கள் எல்லாம் குறுஞ்செய்தியாகப் போயிருக்கின்றன, அத்தானின் எண்ணுக்கு. அவர் போன பிறகு அந்தப் போனை யாரும் திறக்கவில்லை.

கிளைக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் எழுதினேன். வாடிக்கையாளரின் சம்மதக் கையெழுத்து இருப்பதாகப் பதில் வந்தது. நகல் கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. நினைவூட்டினேன். ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே வாசகத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிடித்த பணம், வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று வரிசையாகக் கேட்டிருந்தேன்.

அதற்குள் அடுத்த ஆடியும் வந்து போனது. ஒரு தெருவில் இருந்துகொண்டு அவர்கள் பேசவில்லை. நாத்தனார் மகளுக்குக் காது குத்தியபோது தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தார்கள். அக்கா வீட்டைத் தாண்டிப் போனார்கள். அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு விசாரணை நாள். வங்கியின் வக்கீல், சின்ன வயதுக்காரர், எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

“அம்மா, பிடிச்ச அமௌண்ட் வட்டியோட உங்க அக்கவுண்டுக்கு வந்துரும். கேஸை முடிச்சுக்கலாங்களா?”

“பணம் வரட்டுங்க. அது என்னைக்கு என்னைக்குப் போச்சுன்னு எழுதிக் குடுங்க. கேக்காமத்தான் எடுத்தோமுன்னும் எழுதணும்.”

“எதுக்கும்மா அதெல்லாம்?”

“எங்க நாத்தனாகிட்டக் காட்டணும்.”

“நாத்தனாரா? அவங்க இந்தக் கேஸ்ல பார்ட்டியே இல்லையே!”

“அவளுக்காகத்தாங்க கேஸே,” என்றாள் அக்கா.

வக்கீல் சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாக நான் எழுதிய மனுவில் அந்த ஒன்று மட்டும் இல்லை. இழப்பீட்டை விட்டுவிடுகிறோம், இதை மட்டும் எழுதித் தாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். வங்கியில் கேட்டுச் சொல்ல அவருக்கு இரண்டு வாய்தா ஆனது. கடைசியில், வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் கணக்கு மாற்றப்பட்டது என்ற வரியும், பிடித்த தேதிகளும் சமரச உத்தரவிலேயே பதிவாயின.

தை மாதம் உத்தரவின் நகலோடு நாத்தனார் வீட்டுக்குப் போனோம். என்னை உட்காரச் சொன்னார். அக்காவை உட்காரச் சொல்லவில்லை. தேதிகள் மேல் விரலை வைத்து மெதுவாக ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசித் தேதி அவர் வீட்டு விருந்துக்கு மூன்று வாரம் முந்தியது.

“அப்ப அன்னைக்கு ஒங்க கையில இல்லையா மதினி?”

“இல்லத்தா.”

“கொறச்சு வச்சிருக்கலாம்ல?”

“தோணல.”

அக்கா முந்தானையிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து நீட்டினாள். நாத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேண்டாம். பந்தல்ல வைக்காதது மொய் இல்ல. இப்ப வாங்குனா கடனாயிரும்.”

“அப்ப நான் என்னதான் செய்ய?”

“வர்ற ஆடியில ஒங்க மொறதானே? பத்திரிகையை நேர்ல கொண்டாந்து வைங்க. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிப்புடாதீங்க.”

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வரவேண்டிய கட்டாயமும் இல்லை. பதினைந்தாயிரத்தோடு இரண்டு வீட்டுக்கும் எல்லாம் நேராகிவிட்டது. காப்பி மட்டும் கொடுத்தார். அக்கா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

என்னை வழியனுப்ப அவளும் கூடவே நடந்து வந்தாள். பேருந்து நிறுத்தம் தெரிந்ததும் நின்றாள்.

“தம்பி, ஆடி மொத ஞாயிறு வேண்டாம். அன்னைக்கு அவ மாமியா ஊருல பந்தல் இருக்கும். ரெண்டாவது ஞாயிறு என்ன தேதி வருதுன்னு பாரு.”