இரவல் மாமா

அந்தக் கோழியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் கழுத்தைத் திருக வேண்டும் போலிருக்கும் எனக்கு. துரதிர்ஷ்டம் என்னவென்றால், கழுத்தைத் திருகினால்தான் அது வேலையே செய்யத் தொடங்கும். உள்ளங்கை அளவில் மஞ்சள் பிளாஸ்டிக் கோழி. முட்டை அவிக்கிறவர்கள் நேரம் பார்ப்பதற்காக எந்த நாட்டிலோ யாரோ செய்தது. தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டால் கிறுகிறுவென்று மெல்லத் திரும்பி வந்து, குறித்த நேரம் முடிந்ததும் வீடு அதிரக் கிணுகிணுக்கும். அக்கா அதைப் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கி வந்தாள். முட்டை அவிக்க அல்ல. இரண்டு நிமிடம் நிறுத்தாமல் இங்கிலீஷ் கதைத்துப் பழகுவதற்கு.

இங்கிலீஷ் கதைப்பதற்கு அக்காவுக்குக் கோழி தேவைப்பட்டது என்பதே முதலில் ஒரு பெரிய பகிடி. நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் மீனும் மாவும் ஏற்றிவிடும் ஒரு கந்தோரில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து மாலைவரை தொலைபேசியில் கப்பல்காரர்களுடன் மல்லுக்கட்டுவாள். உருளைக்கிழங்கு அழுகியிருக்கிறது என்று ஒரு கப்டன் கத்தினால், அழுகியது கிழங்கா உன் குளிரறையா என்று அதே மொழியில் திருப்பிக் கேட்பாள். பிலிப்பைன்ஸ் சமையல்காரர்கள் அவளை "மேடம் ஆனியன்" என்று அழைப்பார்களாம். அப்படிப்பட்டவள் தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஒரு காகிதத்தால் நிரூபிக்க வேண்டியிருந்தது. அத்தான் தற்காலிக அனுமதியில் ஒரு குளிர் நாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். இருவரும் அங்கே நிரந்தரமாகச் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் அக்காவின் பெயரில் விண்ணப்பம் போட வேண்டும். படிப்புக்குப் புள்ளி, வேலைக்குப் புள்ளி, வயதுக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி. நாற்பதாவது பிறந்தநாள் வந்தால் வயதுப் புள்ளி குறையும். அதற்கு முன்பு ஆங்கிலப் பரீட்சையின் எல்லாப் பகுதியிலும் நல்ல புள்ளி எடுக்காவிட்டால் அத்தான் அங்கே, அக்கா இங்கே.

வகுப்பு வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சேலைக்கடைக்கு மேல்மாடி. வேலை முடிந்த பிறகு தனியாக அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர வேண்டுமே என்று அக்காவுக்குக் காவலாக என்னையும் சேர்த்துவிட்டார்கள். என் உடம்பைப் பார்த்தவர்கள் யார் யாருக்குக் காவல் என்று கேட்பார்கள். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளும்போது அக்காதான் என் சட்டைக் கொலரைப் பிடித்து என்னை விழாமல் வைத்திருப்பாள். எனக்கு எந்த நாட்டுக்கும் போகும் எண்ணமில்லை. காப்புறுதி விற்கிறவன் நான். என்னைக் கண்டு ஓடுகிற வாடிக்கையாளர்கள் இங்கேயே போதுமான அளவு இருக்கிறார்கள்.

வகுப்பில் முதலில் வாசிப்பு. பென்குவின்களின் குடும்ப வாழ்க்கை, கண்ணாடி செய்த வரலாறு என்று எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத பந்திகள். வாசித்துவிட்டுக் கீழேயுள்ள வசனம் சரியா, பிழையா, அல்லது பந்தியில் சொல்லப்படவேயில்லையா என்று குறிக்க வேண்டும். எனக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் "சொல்லப்படவில்லை" என்று போட்டேன். வகுப்பிலேயே அதிக புள்ளி எனக்குத்தான் வந்தது. அடுத்தது கேட்டல். ஒலிநாடாவில் வெள்ளைக்காரி ஒருத்தி நூலகத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாள், சரியாக அந்த நேரத்தில் கடற்கரை ரயில் தடதடவென்று போகும். ரயில் விழுங்கிய விடைக்கு எல்லோரும் இடம் விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து காத்திருப்போம். ரயில் போனதும், படிப்பிக்கும் சேர் அந்த விடையைத் தானே சொல்லுவார். நாங்கள் எழுதிக்கொள்வோம். நாளடைவில், ரயில் வராத நாளிலும் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டோம். தெரியாததை அவர் தருவார், தருவதை அப்படியே எழுதினால் போதும். அந்த வகுப்பின் படிப்பு முழுவதும் அதுதான்.

சேர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் ஒருதரம் திட்டிவிட்டு மறந்திருக்கலாம்.

பேச்சுப் பயிற்சியின் முதல் நாள், பிறருக்கு உதவிய ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லுங்கள் என்றார். ஒவ்வொருவரும் எழும்பித் திக்கித் திணறி உட்கார்ந்தார்கள். நான் என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தொடங்கி, அவர் என்னிடம் வாங்கிய குடையைத் திருப்பித் தராத கதையில் போய் முடித்தேன். பிறகு அக்கா எழும்பினாள். எங்கள் மாமாவைப் பற்றிச் சொன்னாள். அம்மாவின் காலஞ்சென்ற தம்பி. கொச்சிக்கடையில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பவராகக் காலம் முழுக்க இருந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இருமல் பிடித்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். பிள்ளை வாயைத் திறக்காது. மாமா கெஞ்சமாட்டார். இனிப்பு என்று பொய்யும் சொல்லமாட்டார். அந்தக் கசப்பு மருந்தில் ஒரு கரண்டியைப் பிள்ளையின் கண்முன்னே தான் குடித்துவிட்டு, "கசக்குதுதான். ஆனா பார், நான் சாகேல்ல" என்பார். பிள்ளை சிரித்து வாயைத் திறக்கும். அக்கா இதைத் தன் கப்பல் இங்கிலீஷில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மேசையில் சேர் வைத்திருந்த மணி இரண்டு நிமிடத்தில் அடித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு ரயிலும் வந்து போயிருக்க வேண்டும். எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரு போட்டோகொப்பித் தாள் கிடைத்தது. மாதிரி விடை. அதில் எங்கள் மாமா இருந்தார். சேர் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து டொக்டர் ஆக்கியிருந்தார். கொச்சிக்கடையை விட்டு ஒருநாளும் வெளியே தங்காத, அட்டைப்பூச்சி என்றால் நடுங்கிய மனிதரை ஒரு மலையடிவாரக் கிராமத்துக்கு மாற்றம் செய்திருந்தார். "செல்ஃப்லெஸ் பிலாந்த்ரொபிஸ்ட்", "பிளெதொரா ஒஃப் வெர்ச்சூஸ்" என்று புள்ளி வாங்கித் தருகிற சொற்களை அவர் சட்டைப்பை நிறையத் திணித்திருந்தார். மருந்தைத் தான் முதலில் குடிக்கிற இடத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தார். அதைவிட நல்லதாக அவருக்கு எதுவும் எழுத வரவில்லை.

"சேர், எங்கட மாமா கிராமத்துக்கே போகேல்ல" என்றாள் அக்கா.

"மிஸ், வெள்ளைக்காரனுக்குக் கிராமம் எண்டா விருப்பம். கொச்சிக்கடை எங்க இருக்கெண்டு அவனுக்குத் தெரியுமே?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து வகுப்பு முழுவதற்கும் ஒரே மாமா. எந்தக் கேள்வி வந்தாலும் அவரிடம் போய்ச் சேர்வதற்கு சேர் வழி போட்டுத் தந்தார். மறக்க முடியாத பயணமா, மாமாவின் கிராமத்துக்குப் போனது. பிடித்த பரிசா, மாமா தந்தது. பம்பலப்பிட்டியில் நகைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் போவதற்காக எங்களுடன் படித்தார். இடைவேளையில் வந்து அக்காவின் காதில், "தங்கச்சி, உங்கட மாமாட புண்ணியத்தில நான் மகனிட்ட போயிருவேன் போல" என்று மனம் நிறையச் சொன்னார். அக்கா வீட்டுக்கு வரும் வழியில், "போகட்டும்டா, மாமாட பேரால நாலு பேர் பாஸாகினா நல்லம்தானே" என்றாள். ஆனால் அவள் அந்தத் தாளைப் பாடமாக்கவில்லை. கோழியைத் திருகி வைத்துவிட்டு, தன் இங்கிலீஷில், தனக்குத் தெரிந்த கதைகளை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகினாள். நான் வெள்ளைக்காரப் பரீட்சகராக நடித்து, கழுத்துப் பட்டி என்று துவாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பரீட்சை நாளன்று காலையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனோம். காவலுக்கு வந்த நீயும் எழுது என்று அக்கா எனக்கும் பணம் கட்டியிருந்தாள். பேச்சுப் பகுதிக்கு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு வந்த அட்டையில், வீட்டில் பாவிக்கும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும்படி இருந்தது. கோழியைப் பற்றிச் சொன்னேன். அதன் கழுத்தைத் திருகுவதுபோல் கையால் செய்து காட்டினேன். பரீட்சகர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வந்த புள்ளியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கேயும் போகாதவனுக்கு எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய புள்ளி.

அக்காவின் முறை பின்னேரம் வந்தது. அவளுடைய அட்டையில், பிறருக்கு உதவிய ஒருவர். சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை என்றாள். வாய்க்குள்ளேயே இருக்கிற மனிதரல்லவா? தாளில் உள்ள டொக்டரை அல்ல, கொச்சிக்கடை மாமாவையே சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகள் வாயைத் திறக்காததை, மாமா கரண்டியை எடுப்பதை. அந்த இடத்தில் பரீட்சகர் பேனையைக் கீழே வைத்தார்.

"உங்கள் மாமாவை எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அக்கா என்ன நினைத்தாள் தெரியுமா? இந்த வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து கொச்சிக்கடையில் மருந்து வாங்கியிருக்கிறார் என்று நினைத்தாள். "உண்மையாவா சேர்? எந்த வருஷம்?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, பொதுப் போக்குவரத்தைப் பற்றி வேறு கேள்விகள் கேட்கத் தொடங்கினார். மாமாவைக் கண்ட மனிதரை வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பற்றிக் கதைக்க அக்காவுக்கு வாய் வரவில்லை. ஏதோ சொன்னாளாம்.

வெளியே வந்தவள் முகம் முழுக்கச் சிரிப்புடன் என்னிடம் அதைத்தான் சொன்னாள். "டேய், அந்த மனுசனுக்கு எங்கட மாமாவத் தெரியுமாம்!" பக்கத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நின்றாள். "அக்கா, உங்களுக்கும் அந்த ஆளே? எனக்கும் அவர்தான். நான் மாமாவ எடுத்து விட்டன். நானாவும் காலமை மாமாவத்தான் சொன்னவராம்" என்றாள். அக்காவின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். ஒரேயடியாக இறங்கவில்லை. விளங்க விளங்க, கொஞ்சம் கொஞ்சமாக.

முடிவு வந்தது. வாசிப்பு, எழுத்து, கேட்டல் மூன்றிலும் தேவைக்கு மேல். பேச்சில் குறைவு. கப்டன்மாரின் வாயை அடைத்தவளுக்குப் பேச்சில் குறைவு. ஏன் குறைந்தது? சொல்லப்படவில்லை. பிறந்தநாளுக்கு முன்பு வேறு பரீட்சை நாள் எடுக்க அலைந்தோம். எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

நான் வெள்ளவத்தைக்குப் போனேன். வழியெல்லாம் கெட்ட வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டே போனேன். சேர் எழும்பி நின்று வரவேற்றார். பிளேன்ரீ வரவழைத்தார். நடந்ததைச் சொன்னேன். உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"அவ வேற ஆரையும் சொல்லியிருக்கலாமே தம்பி."

"அவ ஏன் வேற ஆளச் சொல்லோணும்? அவட மாமா, சேர். நீங்க களவெடுத்தது."

"களவெண்டு சொல்லாதேங்கோ. அவரால எத்தின பிள்ளையள் வெளிநாடு போயிட்டுதுகள் தெரியுமே? ஆருக்கும் இல்லையெண்டு சொல்லாத மனுசன் எண்டு அக்காதானே சொன்னவ. இப்பவும் உதவிக்கொண்டிருக்கிறார் எண்டு நினையுங்கோவன்."

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன் நான். செத்த வீட்டில்கூடச் சிரிக்க வைத்து அடி வாங்கியிருக்கிறேன். அந்த மேல்மாடியில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழும்பினேன். கசப்பைத் தான் குடித்துக் காட்டிவிட்டுப் பிறகு கொடுத்தவர் மாமா. இந்த மனிதர் இனிப்பை எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டுக் கசப்பை முழுவதும் என் அக்காவின் வாயில் ஊற்றியிருக்கிறார். இதைச் சொல்லியிருக்க வேண்டும். படியிறங்கி, பஸ் ஏறி, ஆமர்வீதி தாண்டிய பிறகுதான் தோன்றியது. பிளேன்ரீயையும் குடித்து முடித்துவிட்டு வந்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

இப்போது அத்தான் தினமும் பின்னேரத்தில் தொலைபேசித் திரையில் வருவார். கழுத்துவரை கம்பளியோடு, அங்கே பனி என்பார். அக்கா மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, இங்கே புழுக்கம் என்பாள். லீவு கிடைக்கும்போது வருகிறார், லீவு முடிய விமான நிலையத்தில் அக்கா அழுகிறாள். நானா மகனிடம் போய்விட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பினார், மாமாவையும் விசாரித்திருந்தார்.

போன கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு பையன் கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். செபம் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால், "மை அங்கிள் வொஸ் எ செல்ஃப்லெஸ் பிலாந்த்ரொபிஸ்ட்."

"தம்பி, அந்த மனுசன் செத்துப் போச்சுது. நிம்மதியாப் படுக்க விடு" என்றேன்.

பயந்துபோய் என்னைப் பார்த்தான். "அண்ணா, உங்களுக்கும் அவர்தான் அங்கிளோ?"

"ஓம். எனக்கு உண்மையா."

அவனுக்கு விளங்கவில்லை. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் குசினியில் முட்டை அவியப் போட்டுக்கொண்டிருந்தாள். கோழியை எடுத்து இரண்டு நிமிடத்துக்குத் திருகி வைத்தாள். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். பிறகு தன் கப்பல் இங்கிலீஷில் தொடங்கினாள். என் மாமா வாழ்நாளில் ஒரு கிராமத்துக்கும் போனதில்லை, அவருக்கு அட்டைப்பூச்சி என்றால் பயம். கரண்டியின் இடம் வந்தது. ஒருவரும் பேனையைக் கீழே வைக்கவில்லை. அதைத் தாண்டிப் போனாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரண்டி என்று நாள் முழுக்க இருமல் மருந்தைக் குடித்து, பின்னேரத்தில் கொட்டாவி விட்டபடி, தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து மாமா வீட்டுக்கு நடந்து வருவதை, தெருவில் தெரியாதவர்கள் அவரைக் குடிகாரன் என்று ஏசியதை, அவர் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்ததைச் சொன்னாள். சேரின் தாளில் இல்லாத இடம். பரீட்சகர் கேட்காமல் விட்ட இடம். கோழி கிணுகிணுத்தது. அக்கா நிறுத்தவில்லை. நான் எழும்பிப்போய் அதன் கழுத்தைப் பிடித்துத் திருகினேன். அது முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.