மல்லாந்து கிடந்த ஆமை

கரண்டும் ஐஸும் இல்லாத அந்தச் சண்டை வருடங்களில், தொண்டைமானாற்றுக் கடற்கரையில் கெட்டுப்போகாத கடல் இறைச்சி ஒன்றுதான் இருந்தது: உயிரோடு கிடக்கும் ஆமை. முட்டையிடக் கரையேறுகிற ஆமையை மல்லாக்கப் புரட்டிவிட்டால் அது எங்கும் போகாது. கட்டவும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

மீன்பிடிக்கிற என் மாமா அப்படித்தான் ஒன்றைப் புரட்டி, வீட்டுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு நிழலில் போட்டிருந்தார். அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"பாவமப்பா, அழுகுது," என்றார் மாமி.

"உது கண்ணீரில்லை, உப்புத்தண்ணி. ஞாயிற்றுக்கிழமை வெட்டுவம்," என்றார் மாமா.

அதற்கு முன்பே ஷெல் விழத் தொடங்கிவிட்டது. கரையை விட்டு நீர்வேலிக்கு ஓடினோம். ஓடுகிற அவசரத்திலும் மாமி ஆட்டை அவிழ்த்துவிட்டார், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார். ஆமை ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. கட்டியிருந்தால் அதையும் அவிழ்த்திருப்போம்.

சண்டை ஓய்ந்து திரும்பியபோது வீடு தப்பியிருந்தது. ஆடு வாசல் படலையடியில் நின்றது. ஆமை மட்டும் விட்ட இடத்திலேயே காய்ந்து கிடந்தது. நிமிர்வதற்குத் தலையை ஊன்றி ஊன்றி மண்ணில் குழி பறித்திருந்தது. வயிற்றுக்குள் முட்டைகள். அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் கடல்.

"ஒருக்கால் பிரட்டி விட்டிருந்தால் தன்ரை பாட்டிலை போயிருக்கும்," என்றார் மாமி. மாமா மண்வெட்டியை எடுத்து வந்தார்.

ஆமைகளைக் காக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் யாராவது ஆமையைப் பார்த்துப் 'பாவம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எனக்குக் கோபம் வருகிறது. பாவம் என்று நாங்களும்தான் சொன்னோம்.