கால்பந்து கேசட்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என் வேலை. ஷூவில் குறை தெரிந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பதினைந்து வருடம் ஒட்டி ஒட்டி, கல்யாணப் பந்தியில்கூட எந்த இலையில் எங்கே ஒட்டலாம் என்றுதான் என் கண் போகும். இந்தத் திமிரை வைத்துக்கொண்டு இணையத்தில் பழைய வீடியோ கேம்களுக்கு விமர்சனம் வேறு எழுதுகிறேன்.

மாதனூரிலிருந்து என்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் தோஸ்த், கட்டிங் செக்‌ஷன்காரன், போன மாதம் ஒரு கால்பந்து கேசட்டைக் கொடுத்தான். டிவியில் மாட்டி விளையாடும் கேம்கள் வரத் தொடங்கிய காலத்து ஆட்டம். அவன் அண்ணன் வாங்கியது. அண்ணன் இப்போது துபாயில்.

"அவரு படிப்பாரு. கொஞ்சம் நல்லா எழுதுபா" என்றான்.

அண்ணனும் தம்பியும் சரியாகப் பேசிப் பல வருடம் ஆகிறது. இதை வைத்தாவது ஒரு பேச்சு ஆரம்பிக்கும் என்று நம்பினான். அது எனக்குத் தெரியும்.

தெரிந்தும் எழுதினேன் பாருங்கள். பந்து பசை போட்டதுபோல் காலில் ஒட்டுகிறது, ஆட்களுக்கு முகமே இல்லை என்று அந்தக் காலத்து வெளிநாட்டு விமர்சகர்கள் அந்த ஆட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் மட்டும் சளைத்தவனா? கேசட் மேல் அம்பு ஒட்டிப் படம் போட்டேன். அவர்கள் யாருக்கும் அகப்படாத ஒரு பெரிய குறையையும் பிடித்தேன்: பாதி ஆட்டம் முடிந்தபின் நான் போடும் கோல் எல்லாம் எதிரணிக்குப் போகிறது. பத்துக்கு ஒன்று கொடுத்தேன். மூன்று நாள் மிதப்பில் திரிந்தேன்.

நான்காம் நாள் காலை, பஸ்ஸில் தோஸ்த் போனை நீட்டினான். விமர்சனத்துக்குக் கீழே அவன் அண்ணன் எழுதியிருந்தார்: "பாதி ஆட்டத்துக்கு மேல சைடு மாறும். இவரு சொந்த கோல்லயே அடிச்சிகினு இருக்காரு."

இடது ஷூவையும் வலது ஷூவையும் ஜோடி பார்த்து அனுப்புகிறவன் நான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

"அண்ணன் கோவமா இருக்காரா?" என்றேன்.

"நேத்து போன் பண்ணாரு. ஒரு மணி நேரம் பேசினோம்."

"இன்னா பேசுனீங்க?"

"உன்னப் பத்திதான். சிரிச்சி சிரிச்சி அவருக்கு இருமலே வந்துடுச்சி."

திருப்பிக் கொடுக்கப் பையில் வைத்திருந்த கேசட்டை எடுத்து நீட்டினேன். அதிலிருந்த அம்பை அவன் நகத்தால் மெதுவாக உரித்து, என் சட்டைப் பைக்கு மேல் ஒட்டினான். பஸ்ஸே பார்த்தது. நான் எடுக்கவில்லை. நியாயமாக ஒட்டிய அம்பு.

சாயங்காலம் வீட்டில் என் மனைவி சட்டையைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஒண்ணுதான் ஒட்னாரா?" என்றாள்.