பத்தடிக் கொம்பு

என் அறையில் பத்தடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் ஒரு சவுக்குக் கொம்பு இருக்கிறது. அறை ஒன்பதடிதான். அதனால் மூலைக்கு மூலை சாய்த்து, ஒரு முனையை ஜன்னல் விளிம்பிலும் மறுமுனையை அலமாரியின் மேலும் வைத்திருக்கிறேன். சட்டை, லுங்கி, துண்டு எல்லாம் அதில்தான் காய்கின்றன. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் இதற்குள் இரண்டு அறை மாறிவிட்டேன். இரண்டு முறையும் கொம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். இது எதற்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், துணி காயப்போட என்று சொல்லிவிடுவேன். அடியிலிருந்து சரியாகப் பத்தாவது அடியில் அரத்தால் அறுத்த ஒரு வெட்டு, அதன்மேல் சிவப்புப் பெயிண்ட். நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது பி.டி. மேடம் போன் செய்தார். "கொம்பு இருக்கா அண்ணா?" என்றார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. கையிலிருந்த துண்டோடு எழுந்து நின்றுவிட்டேன். அவர் குரலைக் கேட்டால் இன்னும் அப்படித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கிளம்பியவன், பேக்கரியில் இருந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், கட்டடங்களுக்குக் கான்கிரீட் கலந்து அனுப்பும் பிளாண்டில் இரண்டு வருடம் நின்றேன். எந்த இடத்திலும் நிலைக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் திட்டு வாங்கக் காத்திருக்கமாட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பேக்கரியில் ஒரு நாள் ஒரு அடுப்பு பன் முழுவதும் கருகியது. முதலாளி எழுந்து வருவதற்குள் நான் அடுத்த ஊரில் இருந்தேன். அப்படிச் சுற்றித்தான் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய பெண்கள் கல்லூரியில் கிரவுண்டு வேலைக்குச் சேர்ந்தேன். மேடம் அங்கே விளையாட்டு ஆசிரியர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இந்த ஊரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம்; தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். அவருடைய வேலை வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கும் வேலை.

கிரவுண்டு என்று சொன்னாலும் இருந்தது ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் மட்டும்தான். யாரோ ஒரு காலத்தில் போட்ட சிமெண்டுத் தரை. விரிசல்களில் புல் முளைத்திருந்தது. கம்பங்கள் துருப்பிடித்து, கையை வைத்தால் செதில் செதிலாக உதிரும். டீம் என்று ஒன்று இல்லை. கடைசியாக விளையாடியவர்கள் படிப்பு முடித்துப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் ஆசிரியர்களின் வண்டிகளை நிறுத்தலாம் என்று செக்ரட்டரி முடிவு செய்திருந்தார். மேடம் போய்க் கெஞ்சி ஒரு வருடம் வாங்கிக்கொண்டு வந்தார். செக்ரட்டரி வைத்த நிபந்தனையை அவர் என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினார்: "யூனிவர்சிட்டி டோர்னமெண்ட்ல ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுக் காட்டுங்க மேடம். இல்லேன்னா கோடு போட்டு வண்டிய நிறுத்திடுவேன்." அதற்குப் பிறகு காமர்ஸ் ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு நாளும் தன் ஸ்கூட்டரைக் கோர்ட்டின் ஓரமாக நிறுத்திவிட்டு, "நான் இப்பவே எடம் புடிச்சுக்கறேன் மேடம், அப்புறம் கெடைக்காது" என்று சிரித்துக்கொண்டு போவார். மேடமும் சிரிப்பார். ஆனால் ஸ்கூட்டர் போன பிறகு அது நின்ற இடத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

தரையைச் சரிசெய்யப் பணம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை நான் சொன்னேன். கட்டடங்களுக்குப் போகும் கான்கிரீட் லாரிகளில் வேலை முடிந்ததும் கொஞ்சம் மிச்சமாகும். இறுகுவதற்குள் அதை எங்காவது கொட்டியாக வேண்டும். இடம் தேடி டிரைவர்கள் அலைவார்கள். பிளாண்டில் என்னோடு இருந்த ஒரு டிரைவரிடம் சொல்லி வைத்தேன். அவன் எப்போது கூப்பிடுவான் என்று தெரியாது. "அண்ணே, கொஞ்சம் மிச்சம் இருக்கு, வரட்டா?" என்றால் அரை மணி நேரத்தில் லாரி கேட்டில் நிற்கும். மேடம் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார். சுடிதாரை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் மட்டப்பலகை இழுப்பார்கள். ஒரு நாள் ஒரு மூலை, இன்னொரு நாள் நடுவில் ஒரு துண்டு என்று எட்டு மாதத்தில் பழைய தரையின் மேலேயே புதுத் தரை போட்டு முடித்தோம். ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொரு நிறம். மேலே மாடியிலிருந்து பார்த்தால் ஒட்டுப் போட்ட போர்வை மாதிரி இருக்கும். பந்து ஒரு துண்டில் உயரமாக எழும், பக்கத்துத் துண்டில் செத்து விழும்.

டீமும் அப்படித்தான் சேர்ந்தது. கபடி ஆடியவள் ஒருத்தி, த்ரோபால் ஆடியவர்கள் மூன்று பேர், ஓட்டத்தில் பேர் வாங்கிய குள்ளமான பெண் ஒருத்தி. உண்மையில் பாஸ்கெட்பால் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான். அவளைக் கேப்டனாக்கினார் மேடம். தினமும் காலை ஆறரைக்கு வந்து, தூரத்தில் நின்று பந்தை ரிங்குக்குள் போட்டுக்கொண்டே இருப்பாள். பத்தில் ஏழு விழும். அந்த ஒரு மேட்ச்சை ஜெயிப்பதென்றால் அது அவள் கையால்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டோர்னமெண்டுக்கு முந்தைய வாரம், புதன்கிழமை. அந்தக் குள்ளப் பெண் ஓடிவந்து குதித்து ரிங்கில் தொங்கும் வலையைத் தொட்டுவிட்டாள். வருடம் முழுவதும் முயன்றும் அவளுக்கு எட்டாத வலை. "மேடம், நான் வளந்துட்டேன்!" என்று கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். "இனிமே உனக்குப் பழைய சுடிதார் பத்தாது போடி" என்றாள் ஒருத்தி. மேடம் விசில் ஊதிக் கொண்டாடினார். நான் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். பத்தொன்பது வயதுப் பெண் திடீரென்று வளரமாட்டாள். வளர்ந்தது தரை.

எல்லோரும் போன பிறகு கொட்டகையில் கிடந்த சவுக்குக் கொம்பை எடுத்து, டேப்பை வைத்துப் பத்தடியில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டு போய் ரிங்குக்குக் கீழே நிறுத்தினேன். ரிங் தரையிலிருந்து பத்தடி இருக்க வேண்டும். வெட்டு, ரிங்குக்கு மேலே நான்கு அங்குலம் தள்ளி நின்றது. கம்பம் நின்ற இடத்திலேயே நிற்க, நான் தரையை உயர்த்திவிட்டேன். கேப்டனின் கை எட்டு மாதமாகத் தப்பான உயரத்தைப் படித்து வைத்திருந்தது. கொம்பைக் கொட்டகைக்குள் சுவரோரம் படுக்க வைத்து, அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த நான்கு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கேப்டன் பந்தைப் போட, அது உள்ளே விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் துடைப்பத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். விழ விழ இன்னும் கெட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் வேலை போகும் என்ற பயம் அவ்வளவாக இல்லை. வேலை எனக்குப் பலமுறை போயிருக்கிறது. மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம்தான். திங்கள் விடியலில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆனேக்கல் வரை போய், அங்கிருந்து ஓசூர், அப்புறம் எங்கேயோ என்று நினைப்பு. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் டீக்குச் சில்லறை எடுக்கப் பையில் கைவிட்டபோது ஸ்டோர் ரூம் சாவி கையில் வந்தது. பந்துகள் எல்லாம் அந்த அறைக்குள். இருந்தது ஒரே சாவி. டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பும் பஸ் ஏறினேன். சாவியைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. பிள்ளைகள் பந்து இல்லாமலே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வெறும் கையைத் தட்டிக்கொண்டு ஓடி, வெறும் கையைத் தூக்கி ரிங்கைப் பார்த்து எறிந்தார்கள். குள்ளப் பெண், "அண்ணா, இன்னைக்கு எங்களுக்கு ஒண்ணுகூட மிஸ் ஆகல" என்றாள். மேடம் கோபமாக வந்தார். "ஏனு அண்ணா இது? நாலு நாள்ல மேட்ச். இப்படிப் பண்ணா எப்படி?" என் தோளில் இருந்த பையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் சாவியை நீட்டினேன். கூடவே சொல்லியும்விட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"அஞ்சு நாளா மேடம்."

அவர் என்னைத் திட்டவில்லை. கேப்டன் நின்று போடும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சு நாள்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு, "பைய அங்க வைங்க. கொம்ப எடுத்துட்டு வாங்க" என்றார்.

அளந்தோம். ஒரு பக்கம் நான்கு அங்குலம், சுவர்ப் பக்கம் மூன்று. போல்ட்டுகள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. கிரில் கடையிலிருந்து வெல்டரைக் கூட்டிவந்து, அறுத்து, ஏற்றி, மறுபடி ஒட்டி முடிக்கப் புதன் சாயங்காலம் ஆனது. மேடம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னார்: "ரிங் எறங்கி இருந்துச்சு. நான்தான் அளக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது." நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கேப்டன் எழுந்து போய்ப் பந்தைப் போட்டாள். ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது. அடுத்ததும் அப்படியே. வியாழன் முழுவதும் அப்படியே. முன்விளிம்பில் பந்து மோதும் அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேட்ச் வேறொரு பெரிய கல்லூரியின் உள்ளரங்கில். மரத்தரை, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. எங்கள் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். எதிர் டீம் சிரித்தது. முதல் கால்பகுதியில் கேப்டன் போட்டது ஒன்றுகூட விழவில்லை. மேடம் டைம் அவுட் கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது: "யாரும் தூரத்துல நின்னு போட பேடா, வேண்டாம். பந்த எடுத்துட்டு உள்ள ஓடுங்க. ரிங் எங்க இருக்குன்னு கைக்குத் தெரியல இல்ல? கையவே கொண்டுபோய் அதுங்கிட்ட வைங்க." அப்போதுதான் எங்கள் ஒட்டுத் தரை உதவியது. எந்தத் துண்டில் பந்து எப்படி எழும் என்று தெரியாமல் ஆடி ஆடி, அவர்கள் பந்தைத் தரையோடு தரையாகக் கையோடு ஒட்டித் தட்டப் பழகியிருந்தார்கள். அந்த வழுவழுப்பான தரையில் அவர்களிடமிருந்து பந்தைப் பறிக்க யாராலும் முடியவில்லை. ஒவ்வொரு புள்ளியாக நெருங்கினார்கள்.

கடைசியில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். சில நொடிகளே பாக்கி. கேப்டனை ஒருத்தி இடித்துவிட, இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஃப்ரீ த்ரோவை உள்ளே ஓடிப் போட முடியாது. கோட்டில் நின்றுதான் போட வேண்டும். முதல் பந்து முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. மேடம் என் முழங்கையைப் பிடித்தார்; நகம் பதிந்தது. இரண்டாவது பந்தை அவள் எறிந்ததும் எதிர் டீமின் உயரமான பெண்கள் எல்லோரும் ரிங்குக்குப் பின்னால் விழும் பந்துக்காக முதுகைக் கொடுத்து நின்றார்கள். எங்கள் குள்ளப் பெண் மட்டும் முன்னால் ஓடினாள். இரண்டு நாளாக அந்தப் பந்து எங்கே திரும்பி வருகிறது என்று பார்த்தவள் அவள். பந்து முன்விளிம்பில் மோதி நேராக அவள் கைக்கு வந்தது. ஒரு தட்டுத் தட்டி, கீழே நுழைந்து, போட்டுவிட்டாள். ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

அடுத்த மேட்ச்சில் படுமோசமாகத் தோற்றோம். அது பரவாயில்லை, கோர்ட் பிழைத்தது. செக்ரட்டரி, "சரி, அடுத்த வருஷம் ரெண்டு மேட்ச் பாக்கலாம்" என்றார். காமர்ஸ் ஆசிரியை இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்து, ஸ்கூட்டரை வெளியே மரத்தடியில் நிறுத்தினார். ஜெயித்த அன்று எல்லோரும் குள்ளப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆடியபோது கேப்டன் மட்டும் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். அந்த மேட்ச்சில் அவள் தூரத்திலிருந்து எறிந்த ஒரு பந்துகூட விழவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். சொல்லவில்லை. கொம்பை மேடம்தான் என்னிடம் கொடுத்தார். "ஸ்டோர்ல வெச்சா ஒட்டடை அடிக்க யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அதன் பிறகும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். எல்லாம் சேர்த்தால் மூன்று வருடம்; ஓர் இடத்தில் நான் இருந்ததிலேயே அதுதான் அதிகம். இப்போது வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் பராமரிப்பு வேலை. காலையில் மெட்ரோவில் போய் மாலையில் திரும்புகிறேன். அங்கேயும் ஒரு கோர்ட் இருக்கிறது. நீல நிறத் தரை, கண்ணாடி போர்டு, ஆடுவதற்குத்தான் ஆள் இல்லை. டேப்பை வைத்து மாதம் ஒருமுறை ரிங்கை அளப்பேன். "அது எங்க போகப் போகுது?" என்று சூப்பர்வைசர் சிரிக்கிறார். பத்தடியே இருக்கிறது. இருந்தும் அடுத்த மாதமும் அளப்பேன்.

மேடம் இப்போது ஆனேக்கல் பக்கம் வேறொரு சிறிய கல்லூரிக்குப் போயிருக்கிறார். அங்கேயும் உடைந்த தரை, துருப்பிடித்த கம்பம், டீம் கிடையாது. அங்கேயும் யாரோ ஒருவர் ஒரு வருடம் கொடுத்திருக்கிறாராம். "அந்த டிரைவர் இன்னும் லாரிதானே ஓட்டறாரு?" என்று போனில் கேட்டார். பிறகு, "இந்தத் தடவ ஊத்தறதுக்கு முன்னாடியே அளந்துக்கலாம், ஆயித்தா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைக்கப் போகும்போது சாதாரணமாகச் சொன்னார்: "கேப்டனும் வர்றா. எங்கூடத்தான் கோச்சிங் பண்றா இப்ப. உங்கள ரொம்ப விசாரிச்சா."

இன்று காலை ஈரத் துணிகளைக் கொம்பிலிருந்து எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டேன். டேப்பை வைத்து வெட்டு பத்தடியில்தான் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். பஸ்ஸில் இதை ஏற்றமாட்டார்கள். அந்தப் பக்கம் போகும் லக்கேஜ் ஆட்டோ ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். கூடவே நானும் ஏறிக்கொள்வேன். கேப்டனிடம் சொல்ல வேண்டியதைப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அஞ்சு நாள் முன்னாலயே எனக்குத் தெரியும்மா. மேடம் இல்ல, நான்தான். அவ்வளவுதான், இரண்டே வாக்கியம். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது இறங்கி ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கொம்பை நானே பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறேன். பத்தடிக் கொம்பைத் தூக்கிக்கொண்டு யாராலும் ஓட முடியாது.